குப்பைமேனி எலி

வேலியோரம் மண்டிக் கிடந்த குப்பைமேனிச் செடிகளை நோபர்ட் வலது கையால் மட்டும் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். இரவு பெய்த மழையில் மண் இளகியிருந்ததால் செடிகள் வேரோடு வந்தன. குசினி வாசலில் கண்ணை மூடிக் கிடந்த கறுவா திடீரென எழுந்து வந்து வேர்க்குவியலில் முகத்தைத் தேய்த்தது. கறுவாப்பட்டை நிறத்தில் இருந்ததால் அந்தப் பூனைக்கு அப்படிப் பெயர். யாரையும் மதிக்காத பூனை. அது இப்போது வேரைக் கட்டிப்பிடித்து, வாயில் எச்சில் ஒழுக, நான்கு கால்களும் வானத்தைப் பார்க்க மல்லாந்து புரண்டது. பிறகு எழுந்து தன் வாலைத் தானே துரத்தி, வாளியில் மோதி விழுந்தது. நோபர்ட் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சத்தம் கேட்டு மதலேனா குசினியிலிருந்து அகப்பையும் கையுமாக வெளியே ஓடிவந்தாள். புருஷன் சிரித்து அவள் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது.

சில மாதங்களுக்கு முன் பல்லேபொலையில் மச்சான் வீட்டுத் தோட்டத்தில் மிளகு பறிக்க ஏறிய நோபர்ட் ஏணியோடு சரிந்து, இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டான். மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்க மறுத்தன. ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு இடது கைதான் எல்லாம். அதில்தான் கிளச்சை அமுக்க வேண்டும், அதே பிடியைத் திருகித்தான் கியர் மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரியில் பிசியோ மிஸ் ஒரு ஸ்பொஞ்ச் பந்தைக் கொடுத்து, நாள் முழுதும் அமுக்கிக்கொண்டே இருக்கச் சொல்லி அனுப்பினாள். இரண்டு முறை அமுக்கினான். வலி தோள்வரை ஏறியது. "நான் என்ன சின்னப் புள்ளையா, பந்து வெளையாட?" என்று அலுமாரிக்கு மேல் எறிந்துவிட்டான். இரத்தோட்டை ஸ்டாண்டில் வருஷக்கணக்காக நின்ற ஆட்டோ வீட்டுப் பக்கத்தில் தார்ப்பாய்க்குள் முடங்கிக் கிடந்தது. மழைநாளில் தார்ப்பாயில் நீர் விழும் சத்தத்தைக்கூட அவனால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. கடைசியில் ஸ்டாண்ட் கூட்டாளி பவாஸிடம், ஆட்டோவை வாங்க ஆள் இருந்தால் பார்க்கச் சொல்லிவிட்டான்.

பூனை ஆடிய ஆட்டத்தின் காரணம் தெரியாமல் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனில் தேடினான். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயர் இருந்தது. வெளிநாடுகளில் வேறொரு செடியின் இலையைத் துணிக்குள் வைத்து, எலியும் மீனுமாகத் தைத்துப் பூனைக்குக் கொடுக்கிறார்கள் என்பதையும் பார்த்தான். அன்றே வேர்களைக் கழுவி வெயிலில் காயவைத்தான். மதலேனா மாத்தளையில் காமண்ட் தொழிற்சாலை ஒன்றில் மெஷினில் தைக்கிறவள். வீட்டில் துணி வெட்டுத்துண்டுகளுக்குப் பஞ்சமில்லை.

"இங்க குடுங்க, நான் தச்சுத் தாறேன்."

"வேணாம். என் பூனைக்கு நானே தைக்கிறேன்."

என்றைக்கு அது அவன் பூனை ஆனது என்று மதலேனா கேட்கவில்லை. வலது கையில் ஊசி இருந்தால் துணியை இடது கைதான் பிடிக்க வேண்டும். துணி நழுவியது. முழங்காலுக்கிடையில் இடுக்கிப் பார்த்தான், பல்லால் கடித்துப் பார்த்தான். பிறகு நாக்கைத் துருத்திக்கொண்டு பெருவிரலைச் சுட்டுவிரலை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினான். இரண்டும் நடுங்கின. கடைசியில் துணியின் ஓரம் அவற்றுக்கிடையே அகப்பட்டது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மதலேனா அதைப் பார்த்தாள். ஏதாவது சொன்னால் கையை விட்டுவிடுவான் என்று பயந்து மூச்சையும் அடக்கிக்கொண்டாள்.

அன்று பிறந்த எலி எலியைப்போல இல்லை, உருளைக்கிழங்கைப்போல இருந்தது. கறுவாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அதைக் கவ்விக்கொண்டு நோபர்ட் உட்கார்ந்திருந்த கதிரைக்கடியில் ஓடியது, மேலே எறிந்து பிடித்தது, பின்னங்கால்களால் உதைத்தது, அதன்மேலேயே தலைவைத்துத் தூங்கியது. மறுநாள் காலையில் எலியின் வயிறு பிரிந்து பஞ்சும் வேரும் தரையில் கிடந்தன.

"நாசமாப் போன பூனை!" என்று திட்டிக்கொண்டே நோபர்ட் ஊசியில் நூல் கோத்தான். இந்த முறை நெருக்கமாகத் தைத்தான். அதுவும் பிரிந்தது. இரட்டை நூல் போட்டான், மீசையும் வைத்தான். மதலேனா கொண்டுவரும் துணிகளும் நாளுக்கு நாள் தடித்தன. மெல்லிய சட்டைத்துணி போய்க் காற்சட்டைத்துணி வந்தது, அது போய் ஜீன்ஸ் வந்தது. தடித்த துணியை இறுக்கிப் பிடித்தால்தான் ஊசி இறங்கும். சந்துப் பூனைகளுக்கும் வாசனை எட்டிவிட்டது. ஒருநாள் வந்த பவாஸ், மதிலில் வரிசையாக உட்கார்ந்திருந்த பூனைகளைப் பார்த்து, "அண்ணே, நம்ம ஸ்டாண்டவிட இங்க ஹயர் போக ஆள் கூட நிக்குதே!" என்றான். சிரித்து முடித்து, தயங்கித் தயங்கி வந்த விஷயத்தைச் சொன்னான். கலேவெலையிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவைப் பார்க்க வருகிறாராம். நோபர்ட் தலையாட்டினான். அன்று தைத்த எலிக்கு அவன் மீசை வைக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் கதிரைக்கடியில் அந்த எலியும் பிரிந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தவன் நெற்றியைச் சுருக்கினான். துணியில் ஒரு பல்தடம்கூட இல்லை. நூல்கள் மட்டும் ஒரே சீராக, சுத்தமாக அறுந்திருந்தன. அவன் குசினிக்குப் போனான். மதலேனா வேலைக்குக் கிளம்பி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நின்றபடியே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"மதலே, கறுவாவுக்குக் கத்தரிக்கோல் வாங்கிக் குடுத்தது யாரு?"

அவளுக்குப் புரையேறியது. இருமி முடித்து, நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"மொத ரெண்டும் அதுதாங்க கிழிச்சிச்சி. பொறகுதான் நான்... பந்த அமுக்கச் சொன்னா மாட்டேங்கிறீங்க. பூனைக்குன்னா விடிய விடியத் தைப்பீங்க போல. நான் வேற என்னதான் செய்யிறது?"

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. கோபப்படத்தான் நோபர்ட் வாயைத் திறந்தான். ஆனால் அவள் பார்வை அவன் இடது கையில் நிலைத்திருப்பதைக் கண்டு தானும் குனிந்து பார்த்தான். ஐந்து விரல்களும் மடங்கியிருந்தன. எலியின் கழுத்து அந்தப் பிடிக்குள் நசுங்கிக்கொண்டிருந்தது.

அவன் வெளியே போய்த் தார்ப்பாயை இழுத்தான். மடிப்பில் தேங்கியிருந்த மழைநீர் காலில் கொட்டியது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து இடது கையால் கிளச்சைப் பிடித்தான். கிளச் பாதியில் நின்றுவிட்டது. மூச்சை இழுத்து மறுபடி அமுக்கினான். வலித்தது. வலித்தபடியே மெல்ல மெல்லப் போய்ப் பிடியோடு ஒட்டியது. அப்படியே பிடித்துக்கொண்டு வலது கையால் பவாஸுக்குப் போன் எடுத்தான்.

"அந்தக் கலேவெல ஆள வர வேணாம்னு சொல்லு."

பதிலுக்கு அந்தப் பக்கம் பவாஸின் ஆட்டோ ஹோர்ன் நீளமாக, விடாமல் அலறியது.

"பஸ் போயிருக்கும், ஏறு" என்றான் நோபர்ட், பின்னால் வந்து நின்ற மதலேனாவிடம்.

"வேணாங்க. இப்பவேவா? கை..."

"ஏறு புள்ள."

ஆட்டோ இரண்டு தடவை குதித்து, ஒருமுறை நின்று, பிறகு புறப்பட்டது. மதிலில் இருந்த பூனைகள் சிதறி ஓடின. மதலேனா முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, வேதனையில் அவன் தோள் உயர்வதையும் தாழ்வதையும் பார்த்துக்கொண்டு வந்தாள். சந்திலிருந்து பெரிய ரோட்டில் ஏறியதும் காற்று முகத்தில் அடித்தது. தூரத்தில் மலைக்கு மேல் பனி விலகிக்கொண்டிருந்தது. வளைவில், ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் நிறைந்த காய்கறிக் கூடையுமாக நின்ற ஒரு பெண், ஆட்டோவைக் கண்டதும் குடையை உயர்த்தி ஆட்டினாள். நோபர்ட் பின்னால் திரும்பி மதலேனாவைப் பார்க்கவில்லை. வண்டியின் வேகம் மட்டும் குறைந்தது. மதலேனா கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் பெண் உட்கார இடம்விட்டு ஓரமாக நகர்ந்தாள்.