கருவாட்டு நேர்த்தி

கருவாடு வாயில் பட்டால் போதும், சோலைமலைக்கு உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எல்லா அடுப்பிலும் கருவாடு மணக்கும்போது இவனுக்கு மட்டும் இப்படியோர் உடம்பைக் கொடுத்த கடவுளுக்குக் குசும்பு கொஞ்சம் அதிகம்தான்.

இறம்பொடையில் பெண் பேசி முடித்த அன்று இலையில் கருவாட்டுக் குழம்பு வந்தது. சீக்காளி மாப்பிள்ளை என்று சொல்லிவிடுவார்களே என்று பயந்த அவன் அம்மா காளியாயி, கூசாமல் அள்ளிவிட்டாள்: "கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்திருக்கான். கருவாடு தொடமாட்டான்." பெண் வீட்டார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆட்டுக்கறியை மாப்பிள்ளை கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை யாரும் கவனிக்கவில்லை.

வினை அதற்குப் பிறகுதான். புருஷன் விரதம் தன் விரதம் என்று நாகலெட்சுமியும் கருவாட்டை விட்டுவிட்டாள். அது இல்லாமல் ஒரு கவளம் இறங்காதவள்! பக்கத்து வீட்டில் கருவாடு சுடும்போதெல்லாம் கையிலெடுத்த சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்த்துச் சோலைமலை சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பான். ஏமாற்றிக் கட்டிக்கொண்டீர்களே என்று அவள் கேட்டுவிட்டால்?

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. திருவிழா நெருங்கியபோது தோட்டத் தலைவர் மாயாண்டி வீடு தேடி வந்தார். "தம்பி, இந்த வருசம் தீமிதியில நீதான் மொத ஆளா எறங்கணும். ஒன்ன மாதிரி விரதக்காரன் யாருப்பா இருக்கா?"

"எறங்குவாருங்க," என்று நாகலெட்சுமியே பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

அவர் போனதும் சோலைமலை எல்லாவற்றையும் கொட்டினான். அவள் நம்பவில்லை. "நெருப்புக்குப் பயந்துகிட்டு சாமி விசயத்துல பொய் சொல்றீங்களா?"

வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை பைஸர் நானா கடையில் கருவாடு வாங்கி வந்து பொரிக்கச் சொன்னான். அம்மா தலையிலடித்துக்கொள்ள, ஒரு துண்டை மனைவி கண்ணெதிரே மென்றான். கொஞ்ச நேரத்தில் உதடு பணியாரமாய் உப்பியது. ஒரு கண் மூடிக்கொண்டது.

நாகலெட்சுமி பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள், முதுகைத் தடவினாள். மூச்சு சீராக வருகிறது என்று தெரிந்தபிறகுதான் அழுதாள். "ஒடம்புக்கு ஆகாதுன்னா சொல்லக் கூடாதா? நா என்ன வேணாம்னா சொல்லியிருப்பேன்? முருகா முருகான்னு வெறுஞ்சோத்த முழுங்குனேனே!" அழுதபடியே தட்டை இழுத்து மீதிக் கருவாட்டைச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் உள்ளே வந்தார். "அடப்பாவி, விரதத்த முறிச்சிட்டியா? மொகத்துல சாமி காட்டிருச்சே!"

காளியாயி அடுத்த பொய்க்கு வாய் திறந்தாள். மருமகள் முந்திக்கொண்டாள். "சாமியுமில்ல, பூதமுமில்லீங்க. இவருக்குக் கருவாடு ஒத்துக்காது. அவ்வளவுதான்."

இந்த வார்த்தைக்குப் பயந்துதான் இத்தனை நாள் செத்துப் பிழைத்தான் சோலைமலை. திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் தலைவரைப் பார்த்தான்.

தலைவர் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்குக் கத்தரிக்கா, தம்பி. அம்மனுக்கு விட்டுட்டேன்னு வீட்டுல சொல்லி வச்சிருக்கேன்."