வாள் முனையில் ஒரு கறை

லோரனின் அப்பா இரண்டாம் உலகப் போரின் சைபன் தீவுச் சண்டையில் செத்தபோது லோரன் அம்மா வயிற்றில் இருந்தான். அப்பாவைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் போர் முடிந்து ஊருக்குக் குடிவந்த வெர்லின் மாமா சொன்னதுதான். ஜப்பானிய அதிகாரி ஒருவன் அப்பாவை வாளால் வெட்டினான். பக்கத்தில் நின்ற வெர்லின் அவனைச் சுட்டுத் தள்ளி வாளைப் பிடுங்கிக்கொண்டார். இந்தக் கதைக்குக் கூலியாக, அமெரிக்காவில் அயோவாவின் அந்தச் சிற்றூரில், ஞாயிறுதோறும் அம்மாவின் மேஜையில் வெர்லினுக்கு ஒரு தட்டு உண்டு. உட்காருவது அப்பாவின் நாற்காலியில். இறைச்சியில் முதல் துண்டும் அவருக்குத்தான்.

வாளை விற்கவே மாட்டேன் என்று வருஷக்கணக்கில் பிகு பண்ணிய கிழவர் போன வசந்தத்தில் இறங்கி வந்தார். லோரன் தன் மீன்பிடிப் படகை மோட்டாரோடு கொடுத்து வாளை வாங்கினான். நாற்பது வயதுக்கு மேல் புதுப் பைத்தியம். புத்தகம் வாங்கினான், எண்ணெய் வாங்கினான், வாள் சேகரிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டான். முனையருகே ஒரு பழுப்புக் கறை இருந்தது. அதை மட்டும் அவன் துடைக்கவில்லை. அப்பாவின் உடம்பில் அவன் பார்க்கக் கிடைத்தது அவ்வளவுதான்.

சனிக்கிழமை, பழைய ஆயுதக் கண்காட்சிக்கு எடுத்துப் போனான். வாள்களைப் பார்த்துச் சொல்வதில் கோவாக் என்பவர் பெரிய கை. அவர் மேஜையில் ஒரு வழக்கம் உண்டு.

"மொதல்ல வாளக் குடுங்க. கதைய அப்புறம் கேக்குறேன்."

அவர் முதலில் பார்த்தது கைப்பிடியை.

"மரப்பிடி. வழுக்காம இருக்க மேல கோடு கீறி விட்டிருக்கான். ஒறையும் மரம். சார்ஜெண்டுக்குக் குடுக்குற வாள் சார், ஆபீசரோடது இல்ல."

"அப்ப சார்ஜெண்டா இருந்திருப்பான்," என்றான் லோரன் அவசரமாக.

"எங்க கெடச்சதுன்னு சொன்னாங்க?"

"சைபன்ல. நாப்பத்திநாலு ஜூன்ல."

கோவாக் தலையை ஆட்டினார். "அங்கதான் இடிக்குது. சண்டை தொடக்கத்துல செஞ்ச வாளுல பிடி, ஒறை எல்லாம் உலோகம். கடைசியில உலோகம் தட்டுப்பாடாகி அவசரத்துல செஞ்சது இது. நாப்பத்தஞ்சு. விளிம்பத் தொட்டுப் பாருங்க, சாணையே பிடிக்கல. வெண்ணெய வேணா வெட்டலாம். கெடங்குல கெடந்திருக்கு. ஜப்பான் சரணடைஞ்சதும் இத மாதிரி மலையாக் குவிச்சு, ஊருக்குத் திரும்புற நம்ம பசங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்க."

சொல்லிக்கொண்டே மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து முனையில் வைத்தார்.

"ஐயோ, தொடாதீங்க!"

ஒரு தேய்ப்புதான். கறை துணிக்கு வந்துவிட்டது.

"துருப்பிடிக்காம இருக்கத் தடவின கிரீஸ், காஞ்சு போயிருக்கு. என்ன, ரத்தம்னு சொல்லி வித்தாங்களா?" என்றார். பக்கத்து மேஜைக்காரன் சிரித்தான். லோரன் வாளைப் பிடுங்கி உறையில் போட்டான்.

நேராக வெர்லின் வீட்டுக்குப் போனான். கிழவர் முற்றத்தில் அவனுடைய படகுக்கு, அதாவது இப்போது அவருடைய படகுக்கு, பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க சைபனுக்குப் போனீங்களா?"

"எவன் என்ன சொன்னான்?"

"போனீங்களா?"

தூரிகையைக் கீழே வைத்தார். "நான் போறப்ப சண்டையே முடிஞ்சிருச்சுடா. ஜப்பான்ல, யோகோஹாமா தொறைமுகத்துல வரிசையில நின்னேன், கையில ஒண்ணத் திணிச்சாங்க."

"எங்கப்பாவப் பாத்திருக்கீங்களா?"

"போட்டோவுல. உங்க வீட்டுச் செவுத்துல."

"நாப்பது வருஷமா எங்க காதுல பூ சுத்திட்டு, எங்க வீட்லயே உக்காந்து தின்னுருக்கீங்க!"

"பஸ்ஸ விட்டு எறங்குனேன். உங்கம்மா வாளப் பாத்துட்டு, சைபனான்னு கேட்டா. அவ மூஞ்சியப் பாத்ததும் ஆமான்னு வாயில வந்துருச்சு. சொன்னத எப்படிடா திரும்ப முழுங்குறது?"

அன்று இரவு லோரன் தூங்கவில்லை. அவன் பயமெல்லாம் அம்மாவைப் பற்றித்தான். இதைக் கேட்டால் அவள் உடைந்துபோவாள். சொல்லாமலும் இருக்க முடியாது. மறுநாள் மதியம் அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றான்.

"அம்மா, வெர்லின் மாமா சைபனுக்கே போகலம்மா. அப்பாவப் பாத்ததே இல்லையாம்."

கத்தி நிற்கவில்லை.

"தெரியும்," என்றாள்.

"தெரியுமா?"

"உங்கப்பா எடதுகைக்காரரு. வெர்லின் கதையில, வெட்டுப்படுறதுக்கு முன்னாடி உங்கப்பா வலது கையால சுட்டாரு. மொத ஞாயித்துக்கெழமையே தெரிஞ்சுபோச்சு."

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"நீ அவரு மடியில உக்காந்து வாயப் பொளந்து கேட்டுட்டு இருப்ப. இந்த ஊர்ல வேற யாரு உங்கப்பா பேர எடுத்தா, சொல்லு?"

பொய் சொன்னவர் ஒருவர்தான் என்று நினைத்து வந்திருந்தான். இத்தனை வருஷமும் அந்த மேஜையில் ஏமாந்தவன் அவன் ஒருவன்தான். போய் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

வெளியே வண்டி வந்து நின்றது. ஒன்றுமே நடக்காததுபோல வெர்லின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கிழவரின் துணிச்சலை என்னவென்று சொல்வது!

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து லோரனின் தோளைத் தொட்டாள்.

"எந்திரிப்பா," என்றாள் மெதுவாக. "அது அவரு எடம்."