நான்கு பாட்டில்களிலும் ஒரே மட்டம்

1966-ஆம் வருடம் தை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், பூந்தமல்லியில் துலுக்கானம் குடித்த ஆட்டுக்கால் சூப், ஆறேழு மைல் தள்ளி ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸின் நாக்கைச் சுட்டது. அதே நேரத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் முன்னால் நின்றிருந்த பால்ராஜுக்கு மிளகுக் காரத்தில் மூக்கு ஒழுகியது. நூம்பல் செங்கல் சூளையில் கல் சுமந்துகொண்டிருந்த அப்பாவு என்பவருக்கு நாக்கிலும் மூக்கிலும் ஒன்றும் தெரியவில்லை. வயிற்றுக்குள் எதுவோ கதகதப்பாக இறங்கியது. காலையிலிருந்து காலியாகக் கிடந்த வயிறு என்பதால் அது நன்றாகவே தெரிந்தது. அவர் சுமையை இறக்கி வைத்துவிட்டு, சுற்றிலும் ஒருமுறை பார்த்து, பிறகு மறுபடியும் சுமக்கத் தொடங்கினார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வெயில் தலைக்கேறிவிட்டது என்பார்கள்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாக்கத்தில் நடந்ததுதான் இதற்குக் காரணம். துலுக்கானத்திடம் ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய லாரி ஒன்று இருந்தது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஏற்றியிருந்தார். ஏற்றிய நாளிலிருந்து அது கரும்புகை கக்கியது. மேடு ஏறும்போது இருமியது. அதன் இருமலைக் கேட்டு வந்து சேர்ந்தவர்கள்தான் மற்ற மூவரும். ஜேம்ஸ் நாசரேத் பக்கத்துக்காரர், ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். வாரம் ஆறு நாளும் எஞ்சினோடு புழங்கியும் ஆசை தீராதவர். பால்ராஜ் லேத்தில் கடைந்து தள்ளும் சாமான்கள் எந்த வண்டிக்குள் போய் ஓடுகின்றன என்று பார்க்கக் கொடுத்து வைக்காதவர். அப்பாவு, பண்ணையார் கிணற்றுக்கு முதல் ஆயில் எஞ்சின் வந்த நாளில் அந்தச் சத்தத்தைக் கேட்டு வரப்பிலேயே நின்றுவிட்டவர். பண்ணையார் நிலத்தை விற்று, கூலி வேலை போய், சூளைக்கு வந்த பிறகும் அந்தச் சத்தம் அவரை விடவில்லை. ஊரார் நால்வரையும் டீசல் பைத்தியம் என்றார்கள். அந்தக் காலத்தில் அந்தச் சாலையில் ஒரு லாரி போய் அடுத்த லாரி வருவதற்குள் கையிலிருக்கும் டீ ஆறிவிடும். செம்பரம்பாக்கத்து ஏரிக் காற்று எந்தச் சுவரிலும் முட்டாமல் நேராக வந்து சட்டைக்குள் நுழையும். ஞாயிற்றுக்கிழமை ஒரு எஞ்சினைச் சுற்றி உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய சுகம் வேறு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

புகைக்குக் காரணம் டீசல் பம்ப் என்று ஜேம்ஸ் சொன்னார். நாலு சிலிண்டருக்கும் சமமாக டீசல் அனுப்ப வேண்டிய பம்ப், ஒன்றுக்கு வாரிக் கொடுத்து இன்னொன்றைப் பட்டினி போட்டது. அதைக் கழற்றிப் பலகையில் முடுக்கி, பால்ராஜ் கடைந்து வந்த கைப்பிடியை மாட்டி, நாலு குழாய்க்கும் கீழே நாலு காலித் தைல பாட்டில்களை வைத்தார்கள். ஆளுக்கு ஒரு குழாயைப் பிடித்துக்கொள்ள, துலுக்கானத்தின் மனைவி வனஜா கைப்பிடியைச் சுற்றினாள். ஒரு பாட்டிலில் மட்டம் ஏறும், ஒன்றில் இறங்கும். உள்ளே ஒரு திருகைத் தொட்டுவிட்டு மறுபடியும் சுற்றச் சொல்வார்கள். மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று. தை பிறந்த பிறகு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, நாலு பாட்டில்களிலும் மட்டம் நூல் பிடித்தது போல ஒன்றாக நின்றது. நால்வரும் குழாயை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "இன்னா, கோயில்ல சாமி பாத்தா மாறி நிக்கிறீங்க, கை வலிக்குது எனக்கு" என்று வனஜா சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

பம்ப் சமமானதும் லாரியின் புகை நின்றது, அவர்களும் சமமாகிவிட்டார்கள். ஒருவர் சாப்பிட்டது நால்வருக்கும் கால் கால் பங்காகப் போனது. பால்ராஜ் திருட்டுத்தனமாகக் குடித்த சாராயம், குடியே அறியாத ஜேம்ஸைச் சர்ச்சில் பாட்டுக்கு நடுவே தள்ளாட வைத்தது. துலுக்கானத்தின் பல்வலி நாலாகப் பிரிந்ததில் ஒருவருக்கும் பெரிதாக வலிக்கவில்லை. சில வாரங்களில் பழகிவிட்டது. ஒன்றுதான் விளங்கவில்லை. எவ்வளவு சாப்பிட்டாலும் பொழுது சாய்ந்ததும் துலுக்கானம், ஜேம்ஸ், பால்ராஜ் மூன்று பேருக்கும் வயிற்றில் ஒரு மூலை காலியாகவே இருந்தது. துலுக்கானம் இரண்டாம் தடவை சோறு கேட்ட ஒரு நாள், வனஜா கரண்டியோடு நின்று யோசித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நால்வரும் கூடியிருக்கும்போது கேட்டாள்.

"உங்க நாலு பேர்ல யாரோ ராவுல துன்றதே இல்ல. யாரு அது?"

அப்பாவு கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். விதவையான தங்கை குப்பம்மாவின் வீட்டில்தான் அவர் இருந்தார். அங்கே பானையில் இருப்பது அவள் பிள்ளைகளுக்கே பற்றாது. "வெளியே துன்ட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவது அவர் வழக்கம். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் மற்ற மூவரும் அதை அறியவில்லை. அவர் பசி அவர்கள் வயிற்றிலேயே வந்து உட்கார்ந்த பிறகுதான் அறிந்தார்கள். துலுக்கானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏன்டா, வாயில இன்னா வச்சிருந்த? சொல்றதுக்கு இன்னா?" என்று கத்தினார். அன்றிலிருந்து வனஜா பொழுது சாயும்போது நூம்பலுக்கு ஒரு தூக்குச்சட்டியில் சோறு அனுப்பினாள், குப்பம்மாவின் பிள்ளைகளுக்கும் சேர்த்து. வேண்டாம் என்ற அப்பாவுவிடம், "உனக்குன்னு யார் குடுத்தாங்க? என் புருசனுக்குப் பசிக்குது, நீ துன்னு" என்றாள்.

1968-இல் ஜேம்ஸின் மனைவி பொன்னம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வசந்தகுமாரி என்று பெயர் வைத்தார்கள். குழந்தையை ஜேம்ஸின் கையில் கொடுத்த நேரத்தில் துலுக்கானம் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி லாரியை ஓரம் கட்டிவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். பால்ராஜ் லேத்தை நிறுத்திவிட்டுப் பாடினார். அப்பாவு தலையில் கல்லோடு நடந்துகொண்டிருந்தார். கல்யாணமே ஆகாத அவருக்கு மார்பெல்லாம் நிறைந்து, சொந்தப் பிள்ளையைத் தூக்கியது போலக் கைகள் தாமாக வளைந்தன. கல் அத்தனையும் கீழே விழுந்து உடைந்தன. மேஸ்திரி திட்டியது அவர் காதில் ஏறவில்லை.

ஆனால் ஜேம்ஸுக்கு மிஞ்சியது கால் பங்குதான். பொன்னம்மாள் படுக்கையிலிருந்து அவர் முகத்தையே பார்த்தாள். "பிள்ளையப் பாத்து இம்புட்டுத்தானா சிரிப்பு? பொம்பளப் பிள்ளைன்னு மனசுல குறையா?" என்றாள். ஜேம்ஸ் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, அப்பா என்றது. ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர் எங்கெங்கோ நின்று சிரித்தார்கள். வீட்டில் இருந்தவருக்கு உதடு மட்டும் லேசாக விரிந்தது. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தலையைக் குனிந்தபடி ஜேம்ஸ் கேட்டார். "எனக்கு எம் பிள்ளையப் பாத்து ஒரு தடவ முழுசாச் சிரிக்கணும். பம்பைத் தளத்திக்கிடலாமா?"

அந்த மூன்று வருடங்களில் அப்பாவு ஒரு ராத்திரியும் தனியாகப் படுத்ததில்லை. யாரோ ஒருவர் வீட்டுக் குழம்பு, யாரோ ஒருவர் பிள்ளை, யாரோ ஒருவர் கோபம் அவரோடு படுத்திருந்தது. ஆனாலும் முதலில் ஸ்பேனரை எடுத்து நீட்டியவர் அவர்தான். ஜேம்ஸ் ஒரு திருகைக் கால் சுற்றுத் தளர்த்தினார். அவ்வளவுதான், எல்லாம் நின்றுபோயிற்று. ஜேம்ஸ் சைக்கிளை மிதித்துக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போய், குழந்தையைத் தூக்கித் தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். பொன்னம்மாள் அழுதுவிட்டாள். அப்பாவு நூம்பலுக்கு நடந்து போனபோது அவர் வயிறும் மனசும் அவருடையதாக மட்டும் இருந்தன. வீட்டில் வனஜாவின் தூக்குச்சட்டி அவருக்கு முன்பே வந்திருந்தது. மறுவாரம், இனி சோறு வேண்டாம் என்று இழுத்த அப்பாவுவிடம், "பம்பைத்தான கழட்னாங்க? அடுப்பையா கழட்னாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

லாரி பழையபடி புகைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளும் பழையபடி நடந்தன. 1973-ஆம் வருடம் ஆடியில், பூந்தமல்லியில் லோடுக்குக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த துலுக்கானம் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் டாக்டர் வனஜாவைத் தனியாகக் கூப்பிட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடச் சொன்னார். அவரை அவருடைய லாரியிலேயே படுக்க வைத்துக் காட்டுப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நடுப்பகலில் ஜேம்ஸ் பாதி ஷிப்டை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கட்டிலில் கிடந்தவரின் முகத்தைப் பார்த்தார். வெளியே வந்து, "பம்பைக் கழத்துங்க" என்றார்.

பலகை வந்தது, பாட்டில்கள் வந்தன. கட்டிலையும் வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். பால்ராஜ் பம்பை முடுக்கிக்கொண்டே வந்தவர், கையை நிறுத்தினார்.

"மாமே, சாவு நாலாப் பிரிஞ்சா சரி. நாலு பேருக்கும் முழுசா வந்துட்டா?"

அப்பாவு குப்பம்மாவின் பிள்ளைகளை நினைத்தார். பெரியவன் சைக்கிள் கடையில் சேர்ந்துவிட்டான்; சின்னதுகள் பாக்கி. ஜேம்ஸ் ஆவடி இருந்த திசையைப் பார்த்தார். வசந்தகுமாரி அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். பிறகு இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு குழாயைப் பிடித்தார்கள். "சரி, போனா ஒண்ணாப் போவோம்" என்று பால்ராஜும் உட்கார்ந்தார். நாலாவது குழாயில் துலுக்கானத்தின் கையை வைத்து, நழுவாமல் துண்டால் கட்டினார்கள். வனஜா கைப்பிடியைச் சுற்றினாள்.

மட்டம் சேரவில்லை. துலுக்கானத்தின் பாட்டில் ஒவ்வொரு தடவையும் கீழேயே நின்றது. திருகைத் தொட்டார்கள், கொட்டினார்கள், மறுபடியும் வைத்தார்கள். "அண்ணாத்தே, புடி, கொஞ்ச நேரம் புடிச்சிக்கோ" என்று அப்பாவு அவர் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தார். வனஜா அழவும் இல்லை, எதையும் பார்க்கவும் இல்லை, சுற்றிக்கொண்டிருந்தாள். வேலியோரம் கூடிய ஜனங்களுக்குப் பம்ப் துப்பும் சத்தம் மட்டும் கேட்டது. வெயில் சாய்ந்து பாட்டில்களின் நிழல் நீண்ட நேரத்தில், நாலு மட்டமும் ஒன்றாக நின்றது.

அப்பாவுக்கு மார்பில் யாரோ முழங்காலை ஊன்றியது போலிருந்தது. வாசலும் வேலியும் கறுத்துக்கொண்டு வந்தன. பக்கத்தில் பால்ராஜ் முனகுவதும், ஜேம்ஸ் ஜெபம் சொல்வதும் தூரத்தில் கேட்டன. தன் மார்பு ஒருமுறை நின்றதை அவர் தெளிவாக உணர்ந்தார். பிறகு அது மூன்று முறை துடித்தது. மறுபடியும் ஒன்று நின்றது. மறுபடியும் மூன்று துடித்தது. முழங்காலின் பாரம் குறைந்து, தாங்கக்கூடிய ஒரு கனமாக உள்ளேயே தங்கிவிட்டது. கண்ணைத் திறந்தபோது துலுக்கானம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "இன்னாத்துக்குடா என் கைய கட்டி வச்சிகீறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வனஜா இன்னமும் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் விரல்களைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

சாவு நாலாகப் பிரிந்து நால்வரிடமும் தங்கிக்கொண்டது. யாரிடமும் கொல்லும் அளவுக்கு இல்லை. அன்றிலிருந்து நால்வருக்கும் நாலு துடிப்புக்கு ஒரு துடிப்பு விடுபட்டது. பம்பை லாரியில் திரும்ப மாட்டிய பிறகு அதன் திருகை யாரும் தொடவில்லை. கணவன் செய்ததைப் பொன்னம்மாளும் கேள்விப்பட்டாள். அந்த வருடப் பள்ளி விழாவில் வசந்தகுமாரி ஆடியபோது, மற்ற மூவரையும் ஆள்விட்டு வரவழைத்து, ஜேம்ஸோடு முன் பெஞ்சில் உட்கார வைத்தாள். மகள் ஆடி முடித்ததும் மேடையைப் பார்க்காமல் அந்த நாலு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "சேத்துப் பாத்தா நிறையத்தான் இருக்கு" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாளாம்.

1978-இல் துலுக்கானம் லாரியை ஆந்திராக்காரர் ஒருவருக்கு விற்றார். லாரி போனால் எல்லாம் போய்விடுமோ என்று அப்பாவுக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. ஒன்றும் போகவில்லை. எங்கேயோ கடப்பைப் பக்கம் அது புகையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மழைக்காலத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் நால்வரும் லேசாக நடுங்கிக்கொண்டு குமணன்சாவடி கிளினிக்குக்கு ஒன்றாகப் போவார்கள். முதல் தடவை அங்கிருந்த கம்பவுண்டர் ஒவ்வொரு மணிக்கட்டாகப் பிடித்துப் பார்த்து, தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்தார். இரண்டாம் தடவை டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். அதற்கப்புறம் பிடித்தே பார்ப்பதில்லை. மருந்தை ஒரே ஓர் ஊசியில் ஏற்றிக்கொண்டே, நால்வரில் யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், "இன்னிக்கு யார் மொற?" என்று கேட்பார். முறைக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வருவார்.