எழுதிக் கொடுத்த பேச்சு

"கதவைச் சாத்துடா!" என்று தம்பியைப் பார்த்துக் கத்தினார் சிமெண்டுக் கடைக்காரர். கதவைச் சாத்தி என்ன பயன்? தெருவில் எதிர்க்கட்சி வண்டி நின்றுகொண்டு, அவருடைய குரலையே ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டிருந்தது.

"அவளா? அவ வெறும் கையெழுத்துங்க. நாற்காலி அவளுக்கு, உக்காரப்போறது நான்!"

நண்பர்கள் கூட்டத்தில் வாய்க்கொழுப்பாகச் சொன்னது. எவனோ பதிவு செய்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டான். வாரக் கடைசியில் தேர்தல். மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவர் 'அவள்' என்று சொன்னது வேட்பாளரை. அதாவது தன் மனைவியை. தான் நிற்க நினைத்திருந்த வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியபோது அவருக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. அன்றைக்கே அடுப்படியில் இருந்தவளைக் கூப்பிட்டு மனுவில் கையெழுத்து வாங்கினார். சுவரொட்டியில் அவர் படம் பெரிது, அவள் படம் தபால்தலை அளவு. கூட்டத்தில் அவர் பேசுவார், அவள் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பாள். பெண்களுக்கு இடம் கொடுத்தாயிற்று என்று ஊரும் திருப்தியாக இருந்தது. வெட்கக்கேடு!

ஆனால் நடுவில் ஒன்று நடந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் நர்ஸாக வேலை பார்த்தவள். வீடு வீடாக ஓட்டுக் கேட்கப் போனபோது, பெண்கள் அவளை உள்ளே கூட்டிப்போய்ப் பிள்ளைகளைக் காட்டினார்கள். வாந்தி, பேதி, குழி விழுந்த கண்கள். குடிநீர்க் குழாயில் சாக்கடை கலக்கிறது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அன்றிலிருந்து இந்தத் தேர்தலில் ஜெயிக்க வேண்டும் என்ற வெறி அவளுக்கே வந்துவிட்டது. தனக்கென்று அவள் எதற்கும் இப்படி ஆசைப்பட்டதில்லை.

கட்சிச் செயலாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரே வழிதான் இருக்கு. அது இவர் குரல் இல்லைன்னு சொல்லணும். நாம சொன்னா எவன் நம்புவான்? பொண்டாட்டி சொன்னா நம்புவான். நிருபருங்க வாசல்ல நிக்கிறாங்க."

கொழுந்தன் மளமளவென்று எழுதி நீட்டினான். "அண்ணி, 'நான் யாருடைய பொம்மையும் இல்லை'ன்னு ஆரம்பிங்க. ஒரு எழுத்து மாத்தக்கூடாது. இதுல இருக்கிறதை அப்படியே படிங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடி இளிப்பு? இதைச் சொல்லலேன்னா தோத்துடுவே!"

"தோத்துடுவேனா, தோத்துடுவீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான்டி!"

வாசலுக்குப் போகும்போது அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "மாத்திப் பேசினே, அப்புறம் இந்த வீட்டுப் படி ஏற முடியாது. சொல்லிட்டேன்." அவர் சொன்னால் செய்கிறவர்.

வெளியே கேமராக்கள். அவற்றின் பின்னால் தெருப் பெண்கள், இடுப்பில் பிள்ளைகளோடு. ஒலிவாங்கி அவள் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"நான் யாருடைய பொம்மையும் இல்லை..." என்று படித்தாள். நிறுத்தினாள். காகிதத்தை மடித்துக்கொண்டாள்.

"இதுவும் எழுதிக் குடுத்ததுதாங்க. அது என் வீட்டுக்காரர் குரல்தான். கல்யாணமான நாள்லேருந்து கேக்குறேன், எனக்குத் தெரியாதா? அவர் சொன்னதுல பொய் இல்ல. இன்னிக்கு வரைக்கும் நான் வெறும் கையெழுத்துதான். ஆனா உங்க குழாயில சாக்கடை கலக்குது. அந்தத் தண்ணியைக் குடிச்ச பிள்ளைங்களை நான் தூக்கிப் பாத்திருக்கேன், அவர் பாக்கல. அதை நான் சரி பண்றேன். நாற்காலியில நான்தான் உக்காருவேன். சம்மதம்னா ஓட்டுப் போடுங்க."

கூட்டத்தில் ஒருத்தி கைதட்டினாள். அப்புறம் தெருவே தட்டியது. கணவர் முகத்தில் ஈயாடவில்லை. எல்லாம் போயிற்று என்று கொழுந்தன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

அப்போது செயலாளரின் போன் அடித்தது. "தலைவர்!" என்று பதறி, அதைச் சிமெண்டுக் கடைக்காரரிடம் நீட்டினார். தலைவர் குரல் வாசல் வரைக்கும் கேட்டது.

"யோவ், டிவியில பாத்தேன்! என்னா மூளைய்யா உனக்கு! தப்பை ஒத்துக்கிற மாதிரி ஒத்துக்கிட்டு, ஓட்டையெல்லாம் அள்ளிட்டியே! அதுலயும் காகிதத்தை மடிச்சு வைக்கச் சொல்லிக் குடுத்தே பாரு, பிரமாதம்!"

கணவர் தம்பியைப் பார்த்தார். செயலாளரைப் பார்த்தார். அவர் நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏதோ... நம்ம அறிவுக்கு எட்டினதுங்க தலைவரே."

அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். வாசலில் நிருபர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, கேமராவை அணைச்சிடாதீங்க" என்றாள். "நான் இன்னும் பேசி முடிக்கல."