அல்கோட்டுக்கு எத்தனை வயது?

துணி நுனியைக் காப்பியில் நனைத்துத் தாத்தா அல்கோட்டின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள் வெர்னா. மூன்று நாளாக அதுதான் ஆகாரம். தண்ணீர் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கிழவர், காப்பி என்றால் நாக்கை நீட்டினார். மினசோட்டாவுக்கு வந்து அறுபது வருஷம் தாண்டியும் ஸ்வீடன்காரர் ஸ்வீடன்காரர்தான்.

காலைத் தபாலில் வந்த உறை மடியில் கிடந்தது. அல்கோட்டின் உடன்பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா, நான் அவர் பேத்தி என்று அவர் பிறந்த ஊர்ச் சர்ச்சுக்கு ரகசியமாக எழுதியிருந்தாள். கண்ணை மூடுமுன் ஊரிலிருந்து ஒரு வரியாவது அவர் காதில் விழட்டுமே என்றுதான்.

"உங்க தங்கச்சி சிக்னே எழுதியிருக்காங்க தாத்தா!"

உறைக்குள் ஒரு கல்லறையின் படம் இருந்தது. கல்லில் தாத்தாவின் பெயர். பிறப்பு 1899, இறப்பு 1931.

'அல்கோட் அண்ணனுக்குப் பிள்ளை இருந்ததே எங்களுக்குத் தெரியாது. மரம் வெட்டும்போது இறந்துவிட்டான் என்று அவனோடு வேலை பார்த்தவர் எழுதினார். அப்போது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. உடல் இல்லாமலே அம்மா கல் நட்டாள். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு நான் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். அவனை எங்கே புதைத்தார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.'

வெர்னா இரண்டு முறை படித்தாள். படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நீங்க செத்துட்டதா ஊருக்குக் கடுதாசி எழுதினது யாரு தாத்தா?"

கிழவர் படத்தை விரலால் தொட்டார்.

"நான்தான். சிநேகிதன் பேரைப் போட்டு."

"எதுக்கு?"

"அங்க ஒருத்தி எனக்காகக் காத்துக்கிட்டிருந்தா. நான் இங்க உன் பாட்டியைக் கட்டிக்கிட்டேன். ஏமாத்திட்டான்னு ஊரே சொல்லும். செத்துட்டான்னா ஒரு தடவை அழுதுட்டு விட்டுடுவாங்கன்னு..."

உயிரோடு இருந்துகொண்டே பெற்றவளிடம் எள்ளும் தண்ணீரும் வாங்கிக்கொண்டவர். ஆனால் வெர்னாவுக்கு நெஞ்சு எரிந்தது அதற்காக இல்லை.

"சின்ன வயசுல ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உங்க ஊருக்கு நான் எழுதிக் குடுத்த கார்டெல்லாம்? நீங்கதானே தபால்ல போடப் போனீங்க?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒன்பது வருஷம் எழுதினேன் தாத்தா. ஒருத்தரும் பதில் போடலைன்னு கேட்டப்போ, 'அவங்க கல்நெஞ்சுக்காரங்க, விடு'ன்னீங்க. நான் நம்பினேன். அந்த ஜனங்களைத் திட்டிக்கிட்டே வளர்ந்தேன்."

கிழவரின் நாக்கு காப்பிக்காக நீண்டது. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இருந்தாலும் துணியை நனைத்து வைத்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு மூச்சு நின்றது.

செய்தி கேட்டதும் பக்கத்து வீட்டு மேபல் ஒரு தட்டு நிறைய ஏலக்காய் ரொட்டியோடு வந்துவிட்டாள். வெர்னாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "தங்கமான மனுஷன்டி, ஒரு பொய் சொல்லியிருப்பாரா?"

வெர்னா அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.

கூடத்தில் டெலிபோன் மணி அடித்தது. வெர்னா போய் எடுத்தாள். உள்ளூர்ச் சர்ச்சில் மணியடிக்கும் எல்மர். அந்த ஊரில் யார் செத்தாலும் வயதுக்கு ஒன்றாக மணி அடித்தாக வேண்டும். வயலில் நிற்பவன்கூட எண்ணிப் பார்த்து ஆள் இன்னாரென்று சொல்லிவிடுவான்.

"வெர்னா, மன்னிச்சுக்கம்மா. பெரியவருக்கு எண்பத்திரண்டா, எண்பத்திமூணா?"

"முப்பத்திரண்டு."

"என்னம்மா சொல்றே?"

"முப்பத்திரண்டு அடிங்க எல்மர். போதும்."

கொஞ்ச நேரத்தில் மணி ஆரம்பித்தது. மேபல் வாய்க்குள் எண்ணிக்கொண்டே ரொட்டியை வெட்டினாள். முப்பத்திரண்டோடு நின்றது. அவள் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடியே காத்திருந்தாள்.

"எல்மர் தூங்கிட்டானா? இன்னும் அம்பத்தோரு வருஷம் பாக்கி இருக்கே!"

"அதை அவர் தங்கச்சிக்கு நான் எழுதணும்" என்றாள் வெர்னா. மேஜையில் இருந்த தட்டை நகர்த்திவிட்டுக் காகிதத்தைப் பிரித்து வைத்தாள்.