மினூ என்பது பூனையின் பெயர்

மினூ, மினூ என்று அம்மா பால்கனியில் நின்று கூப்பிடுகிறாள், வெள்ளை நைட்டி கடற்காற்றில் உப்புகிறது, கீழே தெருவில் நிற்கிற கூட்டம் வீல் என்று கத்துகிறது, ஒருவன் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடிக்கிறான், குசினியில் ரசம் தாளித்துக்கொண்டிருந்த நான் கரண்டியோடு ஓடி வந்து அம்மாவை உள்ளே இழுக்கிறேன், பேயுமில்லை பிசாசுமில்லை, இது ஜெர்மேன் அம்மாள், என்னைப் பெற்றவள், இன்னும் சாப்பிடவில்லை, இதை எத்தனை நாள்தான் தெருவுக்குக் கேட்கும்படி சொல்வது, எனக்கே அலுத்துவிட்டது. புதுச்சேரியில் வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர்கள் கட்டிவிட்டுப் போன தெருக்களில் இருட்டியதும் பேய் காட்டுகிறேன் என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிற புகழேந்தி என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவன், பசுவைப் பற்றி எழுதச் சொன்னால் இரண்டாவது வரியிலேயே பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான், அவன்தான் இப்போதெல்லாம் கையில் அரிக்கேன் விளக்கோடு, உள்ளே எரிவது என்னவோ பேட்டரி, கண் காது மூக்கு வைத்துச் சொல்கிறான், இந்த வீட்டில்தான் ஒரு பிரெஞ்சுத் துரை ஒரு தமிழ்ப் பெண்ணை வைத்திருந்தான், அவளுக்கு மினூ என்று ஒரு பெண் குழந்தை, துரை கப்பலேறிய அன்று குழந்தை கிணற்றில் விழுந்தது, அன்றிலிருந்து தாய் ராத்திரியானால் பால்கனியில் நின்று குழந்தையைத் தேடுகிறாள்.

மினூ பூனையடா. பக்கத்து வீட்டு மதாம் தன் ஊருக்குத் திரும்பும்போது அம்மாவின் மடியில் விட்டுப்போன சாம்பல் நிறப் பூனை, பிரெஞ்சுக்காரர்கள் பூனையை அப்படித்தான் கொஞ்சுவார்கள், அது செத்த பிறகு வந்த பூனைகளுக்கெல்லாம் அம்மா அதே பெயரை வைத்தாள், மீன் தலையைத் தட்டில் வைத்துக்கொண்டு இதே பால்கனியில் நிற்கிறாள், நான் சின்னப் பெண், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கப்ஸ் மாதா கோயில் மணி அடிக்கிறது, ஏம்மா எனக்கு முன்னாடி பூனைக்குக் குடுக்கற என்று கேட்கிறேன், அது வாயில்லாத ஜீவன்டி, உனக்குத்தான் ஊருக்கே கேக்குற வாய் இருக்கே என்று சிரிக்கிறாள், கடைசி மினூவும் செத்து வெகுநாளாகிறது, அம்மாவுக்கு அது தெரியாது, அவளுக்கு ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கிறது, முதலில் கண்ணாடி வைத்த இடம், பிறகு அப்பா செத்துப்போனது, பிறகு என் பெயர், கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை.

கூப்பிடட்டும், யாருக்கு என்ன நஷ்டம், ஆனால் புகழேந்தி சொல்கிற கதையும் அவள் காதில் விழுகிறது, ஐப்பசியில் முதல் தடவை கேட்டபோது பாவம்டி, யாருடி அந்தப் பொம்பள என்று உச்சுக்கொட்டினாள், நானும் சிரித்தேன், மழை விட்டு மறுபடி அவர்கள் வரத் தொடங்கியபோது கிணறு எங்க இருக்கு என்று கேட்டாள், மார்கழியில் தட்டைத் தள்ளிவிட்டு எம் புள்ள தண்ணியில கெடக்குது, நீ சோறு போடுற என்று என்னைப் பார்த்துச் சீறினாள். அப்படியானால் நான் யார் பிள்ளையாம், அவளைக் குளிப்பாட்டித் தலை சீவி விடுகிறவள் யார், இல்லாத ஒரு குழந்தைக்காக அவள் அழுகிற அழுகையைப் பார்த்து எனக்குப் பொறாமை வருகிறது, இந்த வயதில், கிணற்றில் விழாமல் உயிரோடு இருப்பது ஒரு குற்றமா. ஏண்டா, உனக்கு வேற வீடே கெடைக்கலையா என்று புகழேந்தியைப் பிடித்துக் கேட்டேன், கோச்சிக்காதீங்க டீச்சர், மத்த வூட்லலாம் நான் சொன்னாத்தான் பேயி, இங்க நெஜமாவே கூப்புடுது, நான் இன்னா பண்றது என்று தலையைச் சொறிகிறான், ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், அந்த வாய்க்கு எழுத்துக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

நேற்று எனக்குப் பொறுக்கவில்லை, விடுவிடுவென்று படியிறங்கித் தெருவுக்குப் போய் அவன் கதைக்கு நடுவே நின்று கத்தினேன், மினூ பூனை, குழந்தையும் சாகவில்லை ஒரு மண்ணும் இல்லை, இந்த வீட்டுக் குழந்தை நான் ஒருத்திதான், எனக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது, மாத்திரை போட்டுக்கொண்டு நேரத்தோடு படுக்கவேண்டும், போங்கள். கூட்டம் சிரித்தது, இதுவும் நடிப்பில் சேர்த்தி என்று நினைத்து ஒரு பெண் கைகூடத் தட்டினாள், டீச்சர், வாங்க டீச்சர், பேசிக்கலாம் என்று புகழேந்தி கெஞ்சினான், நான் ஜெயித்துவிட்ட மிதப்பில் மேலே ஏறி வந்தால் அம்மா பால்கனிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள், பூனையா என்கிறாள், ஆமாம்மா பூனைதான், யாரும் சாகல, அப்போ எம் புள்ள எங்க என்கிறாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கிறாள், கதவுக்குப் பின்னால் பார்க்கிறாள், நான் நடுக்கூடத்தில்தான் நிற்கிறேன், என்னைச் சுற்றிக்கொண்டு போய்த் தேடுகிறாள், நான்தாம்மா உம் புள்ள என்று தோளைப் பிடித்தால் மரியாதையாக விலகுகிறாள், நீங்க டீச்சருன்னு சொன்னாங்களே என்கிறாள். செத்துப்போன பிள்ளை ஒன்றாவது அவளுக்கு இருந்தது, அதையும் நான் தெருவில் இறங்கிப் பிடுங்கிக்கொண்டேன், ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

இன்றைக்கும் விளக்கு தெருமுனையில் திரும்புகிறது, புகழேந்தி இன்று எட்டியே நிற்கிறான், எதிர்ச்சுவரோரம், குரலைத் தாழ்த்திக்கொண்டு, அம்மா வெள்ளை நைட்டியில் பால்கனிக்குப் போகிறாள், கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள், மினூ, மினூ, பூனையைக் கூப்பிடுகிறாளா பிள்ளையைக் கூப்பிடுகிறாளா அவளுக்கே தெரியாது, இனி எனக்கும் தெரியவேண்டாம், தெருக் கூச்சலில் அவளுக்குக் கேட்கவேண்டும், அதனால் அறை இருட்டில் நின்று அடித்தொண்டையிலிருந்து கத்துகிறேன், வந்துட்டேம்மா. கீழே அலறுகிறார்கள், யாரோ செருப்பை விட்டுவிட்டு ஓடுகிற சத்தம், ஐயோ மாதாவே என்று கேட்பது புகழேந்தியின் குரல்தான், அம்மா திரும்பி என் நரைத்த தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள், காய்ந்த முடியைத் துவட்டித் துவட்டி விடுகிறாள், தலையெல்லாம் ஈரம், இம்மா நேரம் எங்கடி போன, சாப்டியா என்கிறாள், எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னை டி போட்டுப் பேசுகிறாள், தெருவில் இன்னும் கத்துகிறார்கள், கத்தட்டும், இல்லம்மா, இன்னும் சாப்டல என்கிறேன்.