சுடுதண்ணி

தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. பகலெல்லாம் சிமெண்ட் மூட்டை, வீட்டுக்கு வந்தால் மூன்று மாடி ஏறித் தண்ணீர். ஐம்பது கிலோ மூட்டை முதுகில் பதிந்து உட்கார்ந்துகொள்ளும், தூக்குகிறவனுக்கு அடங்கும். தண்ணீர் அடங்காது. படிக்குப் படி தளும்பி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆளை இழுக்கும்.

பெரிய குழாய் உடைந்துவிட்டது, நாளையிலிருந்து பத்து நாளைக்குத் தண்ணீர் வராது, பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று மைக் கட்டிய வண்டி சொல்லிக்கொண்டு போயிருந்தது. கீழே ஒரே குழாய், மேலே பதினெட்டுக் குடித்தனம். பத்துக் குடம் ஏற்றி எங்கள் நீல டிரம்மை நிரப்பினேன். பிறகு எதிர்வீட்டு டெய்லருக்கும் ஏற்றினேன். அவருக்கு ஒரு கால் சூம்பிப்போனது. மிஷினை மிதிக்க ஒரு கால் போதும், மாடி ஏறத்தான் போதாது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். என்னை அவர் கூப்பிடுவது ‘லோடு’ என்று. அவர் மனைவி எனக்கு அண்ணி.

அண்ணிக்கு அப்போதுதான் மஞ்சள் காமாலை இறங்கியிருந்தது. ஆறு மாதத்துக்குக் காய்ச்சின தண்ணீர் தவிர வேறு எந்தத் தண்ணீரும் உள்ளே போகக்கூடாது, போனால் இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் டெய்லர் அன்று கடையைச் சாத்திவிட்டு அடுப்படியிலேயே நின்றார். பருத்தித் துணியை நாலாக மடித்து வடிகட்டினார். தளதளவென்று கொதி வந்த பிறகும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுதான் அடுப்பை அணைத்தார். ஆறவைத்து, குடத்தில் ஊற்றி மூடி, துணியில் குறி போடுகிற சாக்கட்டியால் குடத்தின் மேல் ஒரு வட்டம் போட்டார். வட்டம் போட்டது குடிக்க, கோடு போட்டது கழுவ. வட்டத்துக்குள் கையை விட்டால் விரலில் காஜா எடுத்துவிடுவேன் என்று அண்ணியை மிரட்டினார். அண்ணி பதிலுக்கு, முதலில் என் ரவிக்கைக்கு எடுங்கள், மூன்று மாதமாக ஊக்கு குத்திக்கொண்டு திரிகிறேன் என்றாள். வட்டம் போட்டது ஆறு குடம். பத்து நாளைக்கு எண்ணி வைத்தது.

நாமும் காய்ச்சி வைக்கலாம் என்றாள் என் மனைவி. சிலிண்டர் கடைசியில் இருந்தது. தேவைப்படும்போது காய்ச்சிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். டிரம்மில் முழங்கை வரை கையை விட்டுத்தான் மொண்டோம். அதிலேயே குடித்தோம்.

நாலாம் நாள் எனக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. மேலும் கீழும் நிற்கவில்லை. மதியத்துக்குள் எழுந்து நிற்க முடியாமல் கால் பின்னியது. மருந்துக்கடையில் பொடி கொடுத்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கலக்கிக் கொடு என்றார்களாம். டிரம்மைத் திறந்தால் குப்பென்று நாற்றம். என் மனைவி எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள்.

அவர்களிடம் நாலு வட்டம் மிச்சம். அண்ணிதான் ஒன்றை எடுத்து நகர்த்தி வைத்தாளாம். டெய்லர் அதை இடுப்பில் வைத்து, காலை இழுத்துக்கொண்டு தானே கொண்டுவந்தார்.

“குடிச்சுத் தொலை லோடு. நீ படுத்துட்டா எனக்கு யாரு தண்ணி தூக்கறது?”

வாசல் வரை போனவர் திரும்பி நின்றார். சிரிப்பு இல்லை.

“திருப்பித் தந்துடுப்பா. அவளுக்குன்னு எண்ணி வெச்சது.”

அந்தத் தண்ணீரில் பிழைத்தேன்.

எட்டாம் நாள் லாரி வந்தது. இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றதற்கு ஒரு குடம் கிடைத்தது, டீ நிறத்தில். மனைவி படிகாரத்தை அதில் சுழற்றி, மண் அடியில் படிந்ததும் வடிகட்டி அடுப்பில் ஏற்றினாள். கை பொறுக்கும் சூடு வந்த நேரத்தில் நெருப்பு ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. சிலிண்டரை ஆட்டிப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள். காலி.

எதிர்வீட்டு அடுப்பிலேயே வைத்துக் காய்ச்சிக் கொடுத்துவிடலாம் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. தண்ணீரையும் வாங்கிக் குடித்துவிட்டு அவர்கள் கேஸுக்கும் போய் நிற்பதா? அவர்களிடம் கடைசி வட்டமும் அன்று மதியத்தோடு தீரப்போகிறது என்று தெரியும். கடன் இதோடு விட்டுப்போகட்டும் என்று, இருந்த சூட்டோடு அவர் குடத்திலேயே ஊற்றிக் கொண்டுபோனேன்.

டெய்லர் பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“காய்ச்சினதுதானே?”

“சுடுதண்ணிதாண்ணே.”

பொய் இல்லை. நம் வாயில் கொதித்ததும் சுடுதண்ணிதான், குளிக்கிற பதத்தில் இருப்பதும் சுடுதண்ணிதான். எது என்று எனக்குத் தெரியும். அவர் புறங்கையால் குடத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடு இருந்தது. பழைய வட்டம் பாதி அழிந்திருந்தது. காதில் செருகியிருந்த சாக்கட்டியை எடுத்து அதை முழுசாக்கினார்.

பத்தாம் நாள் காலை அண்ணியை முதுகில் போட்டுக்கொண்டு நான்தான் மூன்று மாடி இறங்கினேன். அரை மூட்டை கனம்கூட இல்லை. ஒவ்வொரு படியிலும் என் காதருகே, மெதுவாப்பா, உனக்கே உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், வீட்டில் என்ன தண்ணீர் குடித்தார்கள் என்று கேட்டார்.

“காய்ச்சினது மட்டும்தான் டாக்டர். வட்டம் போட்ட குடம் தவிர வேற எதையும் அவ தொடல” என்றார் டெய்லர்.

அப்படியானால் சாப்பாட்டில்தான் ஏதோ என்று டாக்டர் எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில் அண்ணியின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் குழாயில் தண்ணீர் வந்தது. குடித்தனம் முழுக்கக் குடத்தை எடுத்துக்கொண்டு கீழே ஓடியது. அன்று மதியம் அண்ணி போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு டெய்லர் அந்தக் குடத்தைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார். எனக்கு இனி இத்தனை குடம் எதுக்கு என்றார். படியில் நின்ற மாவு மில்காரரிடம் என்னைக் காட்டிச் சொன்னார்.

“அந்தப் பஞ்சத்துலயும் வாங்கினதைச் சொன்னபடி திருப்பிக் குடுத்தவன் இவன் ஒருத்தன்தான்.”

மாவு மில்காரர் என் தோளைத் தட்டினார். வலிக்கிற தோள்.

குடம் எங்கள் வீட்டு மூலையில் கவிழ்ந்து கிடக்கிறது. வட்டத்தை என் மனைவி துடைக்கவில்லை, என்னையும் துடைக்க விடவில்லை. தினமும் டெய்லருக்கு இரண்டு குடம் ஏற்றுகிறேன். ஒண்ணு போதும் லோடு, ஒருத்தனுக்கு எவ்வளவு வேணும் என்கிறார். கேட்காமல் இரண்டாவதையும் ஏற்றுகிறேன். அதெல்லாம் குழாய்த் தண்ணீர், கணக்கில் வராது.

அண்ணிக்கு நான் தர வேண்டியது ஒரு குடம் காய்ச்சின தண்ணீர். அதை இன்னும் தரவில்லை.